ராஜமலை மூடினால் கடலுக்கு வாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் வாசகர் பகுதியில் மதுரைக்காரர் ஒருவர் எழுதிய கடிதத்தைப் படித்தேன். குடும்பத்தோடு மூணாறு வந்தாராம், ராஜமலை மூடியிருந்ததாம், வரையாட்டைப் பார்க்காமல் லீவு மொத்தமும் வீணாய்ப் போயிற்றாம். நான் மூணாறில் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறவன். பிப்ரவரி பிறந்தாலே இந்தப் புலம்பல் எங்கள் காதில் விழ ஆரம்பித்துவிடும். பேப்பரிலும் வந்துவிட்டதால் பதில் எழுதுகிறேன்.

ராஜமலை என்று நாம் சொல்வது இரவிகுளம் தேசியப் பூங்காவில் சுற்றுலாப் பயணிகளை விடுகிற பகுதி. 97 சதுர கிலோமீட்டர் உள்ள அந்தக் காட்டில்தான் உலகத்திலேயே அதிகமான வரையாடுகள் ஒரே இடத்தில் இருக்கின்றன. அவை குட்டி போடுகிற காலம் என்பதால் பெரும்பாலும் பிப்ரவரி தொடக்கத்திலிருந்து மார்ச் கடைசி வரை வாசலை அடைத்துவிடுவார்கள். மனுஷரைக் கண்டு பழகிப்போன ஆடுகள் சாதாரண நாளில் ரோட்டோரமே வந்து நிற்கும். பால்குடிக் குட்டியோடு நிற்கிற தாய் ஆட்டைச் சுற்றிப் பத்துப் பேர் செல்போனை நீட்டினால் என்ன ஆகும்? மூடுவது நியாயம்தான். வரையாடு தமிழ்நாட்டின் மாநில விலங்கு, அதனால் நமக்கும் அதில் அக்கறை வேண்டும். அஞ்சாம் மைல் வாசலில் நின்றுகொண்டு, "ஏதாவது குடுத்தா உள்ள விடுவாங்களா தம்பி?" என்று என்னிடம் கேட்பவர்களுக்கும் இதுதான் பதில்.

உண்மையில் தப்பு வேறு இடத்தில் இருக்கிறது. பூங்கா வருஷாவருஷம் மூடுவது தெரிந்தும் சிலர் பிப்ரவரி பேக்கேஜில் ராஜமலையைச் சேர்த்து விற்கிறார்கள். பணம் வாங்கியவர் ஊரில் இருக்கிறார். திட்டு வாங்குவது ஸ்டீயரிங் பிடித்தவன்.

சரி, வந்துவிட்டீர்கள், லீவும் மிச்சம் இருக்கிறது. போடிமெட்டு ஏறி வந்த வழியே திரும்பிப் போகாதீர்கள். மேற்கே இறங்கிக் கடலோரமாகவே நாகர்கோவில் வரை போய், அங்கிருந்து நாலுவழிச் சாலையில் மதுரைக்குப் போய்விடலாம். அடிமாலி, நேரியமங்கலம், கோதமங்கலம் வழியாக ஆலப்புழை போய்ச் சேர ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். விடியற்காலையில் கிளம்புங்கள், நேரியமங்கலம் தாண்டும்வரை பிள்ளைகளுக்கு வயிறு நிறைய எதுவும் கொடுக்காதீர்கள். வண்டி கழுவுகிறவன் சொல்கிறேன்.

ஆலப்புழையில் எல்லோரும் படகு வீட்டுக்குத்தான் ஓடுவார்கள். 1862இல் கட்டிய கலங்கரை விளக்கமும், கடலுக்குள் கம்பி கம்பியாக நிற்கிற பழைய பாலத்தின் மிச்சமும் கடற்கரைப் பக்கம் இருக்கின்றன. அங்கிருந்து தெற்கே கொல்லம் போக எல்லா ஓட்டுநரும் 66ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையைத்தான் பிடிப்பார்கள். அகலப்படுத்தும் வேலையில் தோண்டிப் போட்டதில் நாங்கள் அதில் பட்ட பாடு சொல்லி முடியாது. நீங்கள் தோட்டப்பள்ளியில் மேற்கே திரும்பச் சொல்லுங்கள்.

திருக்குன்னப்புழை, ஆராட்டுப்புழை என்று போகிற அந்தச் சின்ன ரோட்டுக்காகவே நான் இந்த டிரிப்பை எடுப்பேன். வலது பக்கம் கருங்கல் அடுக்கிய கடல்சுவர், அதற்கு அந்தப் பக்கம் அலை. இடது பக்கம் கொஞ்சம் நடந்தால் காயல், அதாவது உப்பங்கழி. இரண்டுக்கும் நடுவில் வீடு, பள்ளிக்கூடம், கோயில், மீன் காயப்போட்ட முற்றம் எல்லாம் ஒரு நாடா அகலத்தில் அடங்கிவிடும். கடைசியில், காயல் கடலில் சேருகிற காயங்குளம் பொழிமுகத்துக்கு மேலே வலியழீக்கல் பாலம். 2022இல் திறந்தது, வில் வளைத்த மாதிரி பெரிய பாலம். முன்பு அந்தக் கரையில் உள்ளவர் இந்தக் கரைக்குச் சாலை வழியாக வர ஊரையே சுற்ற வேண்டும். பாலத்தின் மேல் வண்டியை நிறுத்த விடமாட்டார்கள். இறங்கி ஓரமாக நிறுத்திவிட்டு நடந்து ஏறினால் பொழிக்குள் போட்டுகள் வரிசையாக நுழைவதைப் பார்க்கலாம். அக்கரை ஆலப்பாடு. 2004 சுனாமியில் கேரளத்தில் அதிகம் அடிபட்ட ஊர் அது. போட்டோ எடுங்கள், வீட்டு முற்றத்தில் ஏறி நின்று எடுக்காதீர்கள்.

கொல்லத்தில் தங்கசேரி கலங்கரை விளக்கம், 1902இல் கட்டியது. அப்புறம் பரவூர், காப்பில் வழி. காப்பிலில் கடலுக்கும் காயலுக்கும் நடுவில் ரோடு மட்டும்தான். வர்க்கலைப் பாறையைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். அஞ்சுதெங்கில் இங்கிலீஷ் கம்பெனிக்காரன் கட்டிய கோட்டை இருக்கிறது, பத்து நிமிஷம் போதும். தும்பாவில் 1963இல் நாட்டின் முதல் ராக்கெட் கிளம்பியது. அங்கிருந்த பழைய மாதா கோயில் இன்று விண்வெளி அருங்காட்சியகம். விழிஞ்ஞத்தில் 2025இல் திறந்த துறைமுகத்தின் கிரேன்கள் தூரத்திலேயே தெரியும்.

ஒரு எச்சரிக்கை. திருவனந்தபுரம் ஆற்றுகால் பகவதி கோயிலுக்குப் பெண்கள் கூடிப் பொங்கலிடும் ஆற்றுகால் பொங்கல் மலையாளக் கும்ப மாதத்தில், அதாவது ராஜமலை மூடியிருக்கும் இந்தப் பூட்டுக் காலத்தை ஒட்டியே வரும். அன்றைக்கு ஊரில் ரோடு முழுக்கப் பொங்கல் அடுப்புதான். வேனோடு நுழைந்தால் சாயங்காலம் வரை அங்கேயே. தேதியைப் பார்த்துக்கொண்டு வாருங்கள்.

பூவாறு தாண்டிப் பொழியூரிலிருந்து நேராகத் தமிழ்நாட்டு எல்லையில் உள்ள நீரோடிக்குப் போகலாமே என்று மேப் சொல்லும். அந்தப் பக்கம் ரோட்டைக் கடல் தின்ற இடங்கள் உண்டு, பெரிய வண்டியைத் திருப்ப முடியாது. உள்ளே ஏறி ஊரம்பு வழியாகக் கொல்லங்கோடு வருவது புத்திசாலித்தனம். பிறகு தேங்காய்ப்பட்டணத்தில் தாமிரபரணி கடலில் விழுகிற இடம் (இது குழித்துறை ஆறு, நெல்லைக்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம்), 1741இல் மார்த்தாண்ட வர்மா டச்சுக்காரனைத் தோற்கடித்த குளச்சல், அடுத்தது மண்டைக்காடு. அங்கே பகவதி அம்மன் கோயிலில் மாசிக் கொடைத் திருவிழா நேரமாக இருந்தால் கேரளத்திலிருந்து இருமுடி கட்டி வருகிற பெண்கள் கூட்டத்தைப் பார்க்கலாம். மீன் குழம்பும் மரச்சீனியும் (மரவள்ளிக் கிழங்கு) எந்தச் சின்னக் கடையிலும் நன்றாக இருக்கும்.

கடலில் மட்டும் இறங்காதீர்கள். மலையில் நாங்கள் சொன்னால் கேட்கிறவர்கள் கரையில் கேட்பதில்லை. மார்ச், ஏப்ரல், மே மாதங்களில் காற்றோ மழையோ இல்லாமலே திடீரென்று அலை ஏறி வரும், கள்ளக்கடல் என்பார்கள். 2024 மே மாதம் குமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தது நினைவிருக்கும். அதற்கு முன்பே கடல் சீற்ற எச்சரிக்கை கொடுத்திருந்தார்கள்.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். ஜனவரி கடைசியில் உங்கள் பேப்பரில் மூணாறு டூர் விளம்பரங்கள் வரிசையாக வரும். அதே பக்கத்தில் ராஜமலை எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை மூடல் என்று வனத்துறை அறிவிப்பைக் கட்டம் கட்டிப் போடுங்கள். விளம்பரம் கொடுத்தவர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
ஒரு வேன் ஓட்டுநர்,
மூணாறு, இடுக்கி மாவட்டம்