பட்டியலில் இல்லாத கூரை: அரசுக் கட்டடப் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அரசுக் கட்டடங்களுக்கான விலைவிகிதப் பட்டியலை (எந்த வேலைக்கு எவ்வளவு விலை என்று எண் போட்டு வரிசைப்படுத்திய பட்டியல்) வகுக்கும் குழுவினருக்கும், அந்தப் பட்டியலை வைத்து எஸ்டிமேட்டுகளுக்கு ஒப்புதல் தரும் தலைமைப் பொறியாளர்களுக்கும்,

வணக்கம்.

பொதுக் கட்டடங்களில் புதுமையைக் கொண்டுவருவது பற்றி ஒரு கருத்தரங்கு, கூடவே ஒரு வடிவமைப்புப் போட்டி என்று உங்கள் தரப்பிலிருந்து அண்மையில் அழைப்பு வந்தது. அதே வாரத்தில் இன்னொரு தபாலும் வந்தது. கிராமப் பள்ளி ஒன்றுக்கு நான் வரைந்து கொடுத்திருந்த இரண்டு வகுப்பறைகளின் எஸ்டிமேட் திரும்பியிருந்தது. காரணம் ஒரே வரிதான். கூரைக்கான ஐட்டம் பட்டியலில் இல்லை, வழக்கமான ஆர்.சி.சி. (கம்பி வைத்த கான்கிரீட்) கூரையாக மாற்றிச் சமர்ப்பிக்கவும்.

எந்த ஊர், எந்த அலுவலகம் என்று எழுதப்போவதில்லை. குறிப்பு எழுதியவர் மேல் எனக்கு வருத்தமும் இல்லை. பட்டியலில் இல்லாத ஒன்றுக்குக் கையெழுத்துப் போட்டால் நாளை தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். அவரை அந்த இடத்தில் நிறுத்தியிருப்பவர்களுக்குத்தான் இந்த மடல்.

கருத்தரங்குக்கு வருகிறேன். போட்டிக்கு என்னிடம் அனுப்ப ஒன்றுமில்லை. முப்பரிமாணப் படங்கள் கேட்டிருக்கிறீர்கள். மேலிருந்து பார்த்தபடி ஒன்று, இரவு விளக்கொளியில் ஒன்று. கட்டடம் எந்தப் பொருளால் எழும்பும், யார் கையால் எழும்பும், பத்து மழைக்காலம் கழித்து அதை யார் பராமரிப்பார்கள் என்று கேட்க அந்தப் படிவத்தில் ஒரு கட்டம்கூட இல்லை.

நான் கேட்டிருந்தது ஃபில்லர் ஸ்லாப் கூரை. உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கான்கிரீட் கூரை பாரத்தில் வளையும்போது மேல்பகுதி அழுந்துகிறது, கீழ்ப்பகுதி இழுபடுகிறது. அழுத்தத்தைக் கான்கிரீட் நன்றாகத் தாங்கும், இழுவையைத் தாங்காது. அதற்குத்தான் கம்பி. ஆக, கீழ்ப்பகுதியில் கம்பிகளுக்கு நடுவே கிடக்கும் கான்கிரீட்டில் பெரும்பங்கு கூரைக்குத் தன் எடையைக் கூட்டுவதைத் தவிர அதிகம் செய்வதில்லை. அந்த இடத்தில் இரண்டு மங்களூர் ஓடுகளை முகத்தோடு முகம் கவிழ்த்து வைத்தால் சிமென்ட் மிச்சம், எடை குறைவு. ஓடுகளுக்குள் அடைபட்ட காற்று வெயிலின் சூட்டையும் கொஞ்சம் தடுக்கும். பழைய வீடு இடிக்கும் இடங்களில் இந்த ஓடு குவிந்து கிடக்கிறது.

அந்தப் பள்ளியில் ஏற்கெனவே இருக்கும் வகுப்பறையில் உள்ளது நீங்கள் ஒப்புக்கொண்ட கூரை. சித்திரை வெயிலில் பகலெல்லாம் சூடு குடித்த கான்கிரீட், மதியத்துக்கு மேல் அதைக் கீழே இறக்க ஆரம்பிக்கிறது. மின்விசிறி அந்த அனலைத்தான் சுற்றிச் சுற்றி வீசுகிறது. உணவு இடைவேளைக்குப் பிறகு ஆசிரியை பிள்ளைகளை வேப்பமரத்தடிக்கு அழைத்துப்போய்விடுகிறார். லட்சக்கணக்கில் செலவழித்துக் கட்டிய வகுப்பறை பாதி நாள் பைக்கட்டுகளுக்கு நிழல் தருகிறது. ஊர்க்காரர்கள் பங்குத்தொகை திரட்டிக்கொண்டு என்னிடம் வந்ததே இதனால்தான். "சார், உள்ளே உட்கார முடியற மாதிரி ஒரு ரூம் கட்டிக் குடுங்க" என்றார்கள். கட்டடக்கலையில் புதுமை என்று நீங்கள் தேடுவது இப்படி ஒரு வாக்கியத்திலிருந்துதான் கிளம்புகிறது என்று நினைக்கிறேன்.

எஸ்டிமேட் திரும்பியதும் நேரில் போய்க் கேட்டேன். மரியாதையாகத்தான் பேசினார்கள், டீ வாங்கிக் கொடுத்தார்கள். "டிசைன் நல்லாத்தான் இருக்கு. இதே மாதிரி அரசு கட்டின பில்டிங் ஒண்ணு காட்டுங்க, மேலே பேசிப் பார்க்கலாம்" என்றார்கள். அரசு கட்டவில்லை, ஏனென்றால் பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லை, ஏனென்றால் அரசு கட்டவில்லை. இந்த வட்டத்தை எந்த இடத்தில் உடைப்பது என்று சொன்னால் அங்கே வந்து நிற்கிறேன்.

என் கோரிக்கை ஒன்றுதான். பட்டியலில் இல்லாத கட்டுமான முறை ஒன்று அரசுக் கட்டடத்துக்குள் வர முறையான வாசல் ஒன்றைத் திறந்துவிடுங்கள். மாவட்டத்துக்கு ஒரு கட்டடம் போதும். சோதனை முயற்சி என்று பெயரிட்டே அனுமதியுங்கள். கட்டும்போதே டேட்டா எடுங்கள்: எத்தனை கொத்தனார், எத்தனை சித்தாள், எவ்வளவு சிமென்ட், எவ்வளவு கம்பி. மூன்று மழை, மூன்று கோடை பாருங்கள். நின்றால் பட்டியலில் சேருங்கள். ஒழுகினால் ஏன் ஒழுகியது என்று எழுதி எல்லோருக்கும் அனுப்புங்கள்.

இந்த வாசல் இல்லாததால் போகிறவை எவை என்பது கோப்பில் தெரியாது. எனக்குத் தெரிந்த கொத்தனார் ஒருவர் இளவயதில் கேரளப் பக்கம் வேலைக்குப் போய் ஃபில்லர் ஸ்லாபும், ரேட் டிராப் பாண்ட் என்ற எலிப்பொறிக் கட்டும் கற்றுவந்தவர். செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டுவது அது. ஒன்பதங்குலச் சுவரே கிடைக்கும், கல் ஏறக்குறைய கால்வாசி மிச்சமாகும். ஆனால் கைநிதானம் வேண்டும். கலவை உள்ளே கொட்டினால் வெற்றிடம் அடைந்துவிடும், மூலைகளில் கல்லை அளந்து வெட்ட வேண்டும். மட்டப்பலகை வைக்காமலே வரி கோணுவதைக் கண்ணால் பிடித்துவிடுவார் அவர். தன்னோடு இருந்த பையன்கள் சிலருக்கும் சொல்லிக்கொடுத்தார். தனியார் வீடுகளில் எப்போதாவது ஒரு வேலை வரும், அப்புறம் மாதக்கணக்கில் இருக்காது. அரசு வேலையில் அவருடைய வித்தைக்கு எண் இல்லை, ஆகவே கூலியும் இல்லை. இப்போது டைல்ஸ் ஒட்டுகிறார். பையன்களில் ஒருவன் சென்டிரிங் வேலைக்குப் போய்விட்டான், இன்னொருவன் டெலிவரி வண்டி ஓட்டுகிறான். நாளைக்கே நீங்கள் பட்டியலைத் திருத்தினாலும் கட்டுவதற்கு ஆளைத் தேட வேண்டும். கை மறந்த வேலையைக் கருத்தரங்கு வைத்துத் திரும்பக் கொண்டுவர முடியாது.

எலிப்பொறிக் கட்டும் ஃபில்லர் ஸ்லாபும் கேரளத்தில் பரவியது எப்படி என்பதும் உங்களுக்குத் தெரியும். இங்கிலாந்துக் கட்டடக் கலைஞரான லாரி பேக்கர் 1945-இல் தொழுநோயாளிகளுக்கான கட்டட வேலைக்காக இந்தியா வந்தவர். இங்கிலாந்தில் படித்த படிப்பு இமயமலை அடிவாரத்துப் பித்தோராகரில் பெரிதாகக் கைகொடுக்கவில்லை. அங்கிருந்த மலைவாசிகள் கல்லும் மண்ணும் மரமும் கொண்டு கட்டுவதைப் பல ஆண்டுகள் பார்த்துக் கற்றார். பிறகு திருவனந்தபுரம். திறமை அவருடையது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் 1970-களில் கே.என். ராஜ் என்ற பொருளியலாளர் அந்நகரில் தன் ஆய்வு மையத்தைக் கட்ட அவரிடம் ஒரு வளாகத்தையே ஒப்படைத்தார். சி. அச்சுத மேனன் முதலமைச்சராக இருந்து துணைநின்றார். 1985-இல் அவர்கள் சேர்ந்து, குறைந்த செலவில் கட்டும் முறைகளைப் பரப்பும் காஸ்ட்ஃபோர்டு அமைப்பைத் தொடங்கினார்கள். திருவனந்தபுரம் தம்பானூரில் பேருந்துக்குக் காத்திருக்கும் நம் ஊர்க்காரர்கள், சுருள் சரிவில் ஏறிப்போய்க் காபி குடிக்கிற அந்தச் சிவப்புச் செங்கல் இந்தியன் காபி ஹவுஸ் பேக்கர் கட்டியதுதான். துண்டு நிலத்தில் அப்படி ஒன்று எழும்ப, வரைந்தவர் தளத்தில் நிற்க வேண்டியிருந்தது. அதிகாரத்தில் இருந்தவர்கள் பொறுத்துக்கொள்ளவும் வேண்டியிருந்தது.

வெளிநாட்டு உதாரணம் சொன்னால்தான் எடுபடும் என்றால் அதுவும் இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்க்கினா ஃபாசோவின் காண்டோ கிராமத்தில் 2001-இல் எழுந்த தொடக்கப்பள்ளி. பெர்லினில் மாணவராக இருந்த பிரான்சிஸ் கெரே தன் ஊருக்காகப் பணம் திரட்டிக் கட்டியது. மண் கல் மழைக்கு நிற்குமா என்று ஊரே சந்தேகப்பட்டது. கொஞ்சம் சிமென்ட் சேர்த்து அழுத்திய கல்லால் சுவர் எழுப்பினார். சுவர் மேல் மண் கல்லாலேயே ஒரு மேல்தளம், அதற்கு மேலே இடைவெளி விட்டுத் தகரக் கூரை. சூடான காற்று அந்த இடைவெளி வழியே வெளியேறிவிடும். கிரேன் கிடையாது, பெரிய இரும்புச் சட்டம் கிடையாது. சாதாரணக் கட்டுமானக் கம்பியை வெல்டிங் செய்து தாங்கிகள் ஆக்கினார்கள். ஊர்க்காரர்களுக்கு அறுக்கவும் வெல்டிங் வைக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். அந்தப் பள்ளிக்கு 2004-இல் கட்டடக்கலைக்கான ஆகா கான் விருது, அவருக்கு 2022-இல் கட்டடக்கலையின் உயர்ந்த பரிசான பிரிட்ஸ்கர். வெயிலில் வகுப்பறை வேகிறது என்பதுதான் அங்கேயும் பிரச்சினை. அவரிடம் யாரும் ஐட்டம் நம்பர் கேட்டிருக்க மாட்டார்கள்.

கேட்டிருந்தால் உங்கள் ஆர்.சி.சி.யே பிறந்திருக்காது. பூந்தொட்டி உடைகிறதே என்று சிமென்டுக்குள் கம்பிவலை வைத்த ஜோசப் மோனியே, 1867-இல் அதற்குக் காப்புரிமை வாங்கிய பிரெஞ்சுத் தோட்டக்காரர். பட்டியலில் இல்லை, வழக்கமான மண் தொட்டியாக மாற்றிச் சமர்ப்பிக்கவும் என்று அவருக்கு ஒரு குறிப்பு போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

இன்னொன்றையும் மனம் விட்டே சொல்லிவிடுகிறேன். என் போன்றவர்களுக்குக் கட்டணம் பெரும்பாலும் கட்டடச் செலவில் இத்தனை சதவீதம் என்றுதான் வருகிறது. சிமென்டை மிச்சப்படுத்த ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டால் என் வருமானம் குறைகிறது. ஒப்பந்தக்காரருக்கும் அளவு குறைந்தால் பில் குறைகிறது. உருகுவேயில் எலாடியோ டியெஸ்டே என்ற பொறியாளர் கம்பியைச் செங்கல்லுக்குள் வைத்து, மெல்லிய வளைவுக் கூரைகளைப் பெரிய பெரிய கிடங்குகளுக்கு எழுப்பினார். அட்லாண்டிடாவில் அவர் கட்டிய அலையலையான செங்கல் தேவாலயம் 2021-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. அவரால் முடிந்ததற்கு ஒரு காரணம், வடிவமைப்பும் ஒப்பந்தமும் அவருடைய ஒரே நிறுவனத்தில் இருந்தன. ஒரே சாரத்தை நகர்த்தி நகர்த்தித் திரும்பப் பயன்படுத்தி மிச்சம் பிடித்தால் அந்த மிச்சம் அவருக்கே. நம்மிடம் வரைபவர் ஒருவர், விலை போடுபவர் இன்னொருவர், குறைந்த டெண்டரில் எடுப்பவர் மூன்றாமவர், முடிந்த வேலையை அளந்து எம்-புக்கில் (அளவுப் புத்தகத்தில்) எழுதுபவர் நான்காமவர். கற்றுக்கொண்டதை யாரும் அடுத்த கட்டடத்துக்கு எடுத்துப்போவதில்லை.

இதற்கிடையே புதுமை என்ற பெயரில் எது தடையில்லாமல் நுழைகிறது என்று பாருங்கள். முகப்பு முழுக்கக் கண்ணாடி. குளிர்நாட்டில் வெயிலை உள்ளே இழுக்கக் கண்டுபிடித்த வழியைச் சென்னை வெயிலுக்கு முன்னால் நிறுத்தி, வந்த சூட்டை ஏ.சி. வைத்து வெளியேற்றுகிறோம். அலுமினியப் பலகைக்கும் கண்ணாடிக்கும் விலை தெரிகிறது, ஓட்டுக்குத் தெரியவில்லை. மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு விலகிப் போகிறேன்.

பாதுகாப்பு என்று நீங்கள் சொல்வதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2004 ஜூலை 16-இல் கும்பகோணத்தில் 94 குழந்தைகளைத் தீயில் பறிகொடுத்த பிறகு, பள்ளிக்குக் கீற்றுக் கூரை வேண்டாம் என்ற முடிவோடு எனக்கு எந்த வாதமும் இல்லை. ஃபில்லர் ஸ்லாப் தீப்பிடிக்கிற கூரை அல்ல, கம்பியும் கான்கிரீட்டும் அதிலும் உண்டு. சரியாகச் செய்யாவிட்டால் ஓடு நகரும், கசியும். நிலநடுக்கக் கணக்கும் பார்க்க வேண்டும். ஆகவேதான் உங்கள் பொறியாளர்கள் பக்கத்தில் நின்று பார்க்கும் சோதனைக் கட்டடம் வேண்டும் என்கிறேன். மண் கல்லுக்கு ஐ.எஸ். 1725 என்ற இந்தியத் தரநிர்ணயம் எப்போதோ வந்துவிட்டது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கிராமங்களுக்கான தொழில்நுட்பத்துக்காக 1974-இல் தொடங்கிய ஆஸ்ட்ரா குழு அந்தக் கல்லின் ஆராய்ச்சிக்குப் பெரிய அடித்தளம் போட்டது. நம் பக்கத்து ஆரோவில்லில் அந்தக் கல்லைக் கட்டிக் காட்டி, வருபவர்களுக்குப் பயிற்சியும் கொடுக்கிறார்கள். ஆராய்ச்சி முடிந்து, தரம் எழுதி, ஆளும் பழகியாகிவிட்டது. மிச்சமிருப்பது உங்கள் மேசை.

உங்களுக்கு இது பழக்கமில்லாத வேலையும் இல்லை. மெட்ராஸ் டெரஸ் எந்தக் கல்லூரியிலிருந்து வந்தது? மர உத்திரத்தின் மேல் சின்னச் செங்கல்லைக் குறுக்காக நிறுத்தி, சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் போட்டு, கடுக்காய் வெல்லத் தண்ணீர் தெளித்துத் தட்டித் தட்டி இறுக்கி, மேலே தட்டோடு பதிக்கும் அந்தக் கூரை இந்த ஊர்க் கொத்தனார்களின் கை. உங்கள் துறையின் பழைய ஆட்கள் அதைத் தங்கள் கட்டடங்களுக்கு எடுத்துக்கொண்டார்கள். தாலுகா அலுவலகங்களிலும் பழைய பங்களாக்களிலும் இன்றும் அதன் கீழே உட்கார்ந்து உங்கள் ஊழியர்கள் கோப்பு எழுதுகிறார்கள். ஒரு காலத்தில் யாரோ ஒரு பொறியாளர் மேஸ்திரியைக் கூப்பிட்டு, இதற்கு எவ்வளவு ஆள், எவ்வளவு சுண்ணாம்பு என்று கேட்டு எழுதியிருப்பார். அதே கேள்வியை மறுபடி கேளுங்கள் என்கிறேன்.

கொஞ்சம் காரமாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களில் பலர் களத்தில் எவ்வளவு நெருக்கடியில் வேலை பார்க்கிறீர்கள் என்று அறிவேன். மீண்டும் பணிவுடன் கேட்கிறேன்: மாவட்டத்துக்கு ஒரு கட்டடம், பட்டியலில் இல்லாத ஒரு முறை, பொறுப்பேற்கும் பொறியாளருக்குத் தணிக்கையிலிருந்து எழுத்துமூலப் பாதுகாப்பு, மூன்று ஆண்டு பதிவு. கருத்தரங்குக்கு ஒதுக்கிய தொகையில் ஒரு பகுதியே முதல் வகுப்பறைக்குப் போதும்.

அந்தப் பள்ளியின் எஸ்டிமேட்டை மாற்றாமல் அப்படியே மறுபடி அனுப்பியிருக்கிறேன். கணக்கும் வரைபடமும் இணைப்பில் உள்ளன. டேட்டா எடுக்க வருபவருக்கு உதவியாக அந்தக் கொத்தனாரும் வரச் சம்மதித்திருக்கிறார். தேதி சொன்னால் டைல்ஸ் வேலையைத் தள்ளிவைத்துவிட்டு வருவதாகச் சொன்னார். தேதியைத் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
சிறுநகரக் கட்டடப் பொறியாளர் ஒருவர்