டெக் வாடகைக்கு எடுத்த தீபாவளி

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவுக்கு முட்டி வலி இப்போது தேவலாம். வாசல் கொய்யா இந்த வருஷமும் ஏமாற்றிவிட்டது. பொள்ளாச்சி அத்தை விஷயம் உனக்குத் தெரிந்ததுதான், புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. புனேயில் மழை பிடித்துவிட்டதாகச் செய்தியில் சொன்னார்கள். வண்டியை மெதுவாக ஓட்டு.

போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் நீ "சாப்டீங்களா, மாத்திரை போட்டீங்களா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாய். ஆறு வாரமாக இப்படித்தான். வீடியோவில் உன் முகமும் பின்னால் ஒரு வெறும் சுவரும் தெரிகிறது. நான் கொடுத்தனுப்பிய காலண்டரைக் காணோம். சரி, அதை விடு.

பொங்கலுக்கு வந்தபோது நீ போட்டுக் காட்டிய 'எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் ஒன்ஸ்' படத்தை ஒருவழியாக முழுசாகப் பார்த்துவிட்டேன். அன்று பாதியில் தூங்கிவிட்டேன் என்று கோபித்துக்கொண்டாயே, அதற்காக இரண்டு ராத்திரி உட்கார்ந்தேன். விரலெல்லாம் சாசேஜாகத் தொங்கும் உலகம் எதற்கென்று இன்னும் விளங்கவில்லை. ஆனால் அந்த லாண்டரிக் கடைக்காரர் வேமண்ட் மனதில் நின்றுவிட்டார். துணி மூட்டையில் பொம்மைக் கண் ஒட்டி வைக்கிற ஆளை முதலில் அசடு என்றுதான் நினைத்தேன். இடுப்புப் பையைச் சுழற்றிக் காவலாளிகளை அடித்துப் போடுவது வேறொரு உலகத்து வேமண்ட். இந்த உலகத்து மனிதர் பயந்தவர். நடப்பது எதுவும் புரியாமல் நடுவில் நின்று, சண்டை வேண்டாம், கொஞ்சம் அன்பாக இருங்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சுகிறார். கடைசியில் மனைவி ஜெயிப்பது அவர் வழியில்தான். வரி ஆபீஸ் அம்மாவிடம்கூடத் தணிவாகப் பேசியே அவகாசம் வாங்கிவிடுகிறார். நானாக இருந்தால் கத்திக் காரியத்தைக் கெடுத்திருப்பேன். உனக்குத் தெரியாததா?

அந்த வேமண்ட் விவாகரத்துப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அலைகிறார். விட்டுப் போவதற்காக இல்லை, அவளை உட்கார்ந்து பேச வைக்கத்தான் என்று எனக்குத் தோன்றியது. அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். எதற்காக இந்தப் படத்தை எங்களுக்குப் போட்டுக் காட்டினான் என்று அப்போதுதான் உறைத்தது. நான் எதுவும் கேட்கவில்லை. நம் தெருவில் முதன்முதலில் பி.இ. முடித்தவன் நீ. உனக்கு நான் சொல்ல என்ன இருக்கிறது? நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரியில் வண்டி எடுக்காதே.

தூக்கம் வராமல் மறுநாள் இன்னொரு படம் பார்த்தேன். 'டெர்மினேட்டர் 2'. நீ நாலாவது படிக்கும்போது தீபாவளிக்கு வீடியோ கேசட் போடும் டெக் வாடகைக்கு எடுத்துத் தெருவே கூடிப் பார்த்தோமே, அதேதான். இயந்திர மனிதனாக வரும் அர்னால்டு சுடுவது மட்டும்தான் எனக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் அந்தப் பொடியன் ஜான், யாரையும் கொல்லக் கூடாது என்று இயந்திரத்திடம் சத்தியம் வாங்குகிறான். போலீஸ் வண்டிகளை எல்லாம் சல்லடையாக்கிவிட்டு அது கணக்குப் பார்க்கிறது, உயிர்ச்சேதம் 0.0. கொல்வதற்கென்றே செய்த இயந்திரத்துக்கு ஒரு சின்னப் பையன் கற்றுக்கொடுத்துவிட்டான்.

நடுவில் ஜானின் அம்மா சேரா, அவனோடு விளையாடும் இயந்திரத்தைப் பார்த்தபடி மனதுக்குள் பேசிக்கொள்வாள். இது அவனை விட்டுப் போகாது. அவன்மேல் கத்தாது. குடித்துவிட்டு வந்து அடிக்காது. நேரமில்லை என்று சொல்லாது. அப்பா ஸ்தானத்துக்கு வந்த ஆண்களில் தேறியது இந்த இயந்திரம் ஒன்றுதான். அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

கடைசியில் அந்த உருக்காலை. அவ்வளவு பக்கத்தில் நின்றால் முகம் வெந்துவிடும் என்று பவுண்டரிக்காரன் புத்தியோடு அன்று சிரித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் ஏன் அழுகிறீர்கள் என்று இப்போது தெரிகிறது, ஆனால் என்னால் அது முடியாது என்று சொல்லிவிட்டு அந்த இயந்திரம் உருகிய இரும்புக் குழம்புக்குள் இறங்கும். நீ தேம்பித் தேம்பி அழுதாய். தெருவே பார்க்கிறதே என்று எனக்கு மானம் போயிற்று. ஆம்பளப் பையன் அழுவானா என்று பளாரென்று அறைந்தேன்.

அன்று நான் குடித்திருந்தேன், தம்பி. உனக்குத் தெரியாது என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு நீ அழுது நான் பார்த்ததில்லை. அப்புச்சி போனபோதுகூட ஓரமாக நின்று எல்லா வேலையும் பார்த்தாய். என்ன தைரியமான பையன் என்று ஊரே சொன்னது. நானும் தலையை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். இப்போது போனில் இரண்டு வார்த்தையோடு வைத்துவிடும்போது, இது நான் அடித்து வார்த்தது என்று தெரிகிறது. உன்னைக் குறை சொல்லவில்லை. சொன்னாலும் அது என் குறைதான்.

நான் குடியை விட்டுப் பதினோரு வருஷம் ஆகிறது. எந்நேரம் வேண்டுமானாலும் கூப்பிடு. அம்மாவுக்குக் கேட்காமல் மொட்டை மாடிக்குப் போய்ப் பேசுகிறேன். பேசாவிட்டாலும் பரவாயில்லை.

மருமகளுக்குப் பிடிக்குமே என்று அம்மா கொள்ளுப் பொடி அரைத்து டப்பாவில் போட்டு வைத்திருக்கிறாள். நீ கொள்ளைத் தொடமாட்டாய் என்று எனக்குத் தெரியும். எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்று மட்டும் எழுது.

அப்பா