நீர்வள மதிப்பீட்டுப் பணி: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இந்த ஆண்டு நம் உழைப்பு பெரும்பாலும் ஒரே வேலைக்குப் போனது: கிணறுகளிலும் ஓடையிலும் உள்ள தண்ணீர் எவ்வளவு, அது எங்கிருந்து வருகிறது என்று அளந்து பார்ப்பது.

முதலில் ஒரு பிழையைச் சொல்லிவிட வேண்டும். சென்ற ஆண்டு கிணற்று நீரைத் தனியாகவும் ஓடை நீரைத் தனியாகவும் எழுதி, இரண்டையும் கூட்டியிருந்தோம். மழை நின்று பல வாரம் ஆன பிறகும் ஓடை ஓடுகிறதே, அது நிலத்தடியிலிருந்து கசிந்து வரும் நீர்தான். ஆக, ஒரே தண்ணீரை இரண்டு முறை எண்ணிவிட்டோம். அந்தக் கணக்கை நம்பிப் புதிய ஆழ்துளைக் கிணறுகள் போட்டிருந்தால், ஓடையின் கோடைத் தண்ணீரைத்தான் மோட்டார் வைத்து இறைத்திருப்போம்.

நீர்மட்டத்தை விடியற்காலையில், மோட்டார் போடும் முன் அளந்தோம். இறைத்த உடனே அளந்தால் இறங்கிய மட்டம்தான் கிடைக்கும். எல்லாக் கிணற்று விளிம்புகளின் உயரத்தையும் ஒரே அடையாளத்திலிருந்து அளந்த பிறகே தண்ணீர் எந்தப் பக்கம் நகர்கிறது என்பது புரிந்தது. வெறும் ஆழத்தை எழுதி வைத்திருந்தால் அது தெரிந்திருக்காது. ஓடையில் மிதவை விட்டு நேரம் பார்த்தோம். அடியைவிட மேல்நீர் வேகமாக ஓடுவதால், கிடைத்த வேகத்தை 0.85 ஆல் பெருக்கிக் கொண்டோம். மழைக் கணக்கு எளிது: 1 மில்லிமீட்டர் மழை ஒரு ஹெக்டேரில் 10,000 லிட்டர். அதில் எவ்வளவு ஆவியாகிறது, எவ்வளவு ஊறுகிறது என்பதுதான் சிரமம். அதைச் சொல்ல ஓராண்டுப் பதிவு போதாது.

குடிநீர்க் கிணறுகளின் மாதிரிகளை ஆய்வகத்தில் கொடுத்து, முடிவுகளை அந்தந்த வீட்டாரிடம் சேர்த்தோம். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு ஃபுளோரைடு 1.5 மில்லிகிராம், நைட்ரேட் 50 மில்லிகிராம். ஃபுளோரைடு பெரும்பாலும் பாறையிலிருந்து வருவது. நைட்ரேட் உரத்திலிருந்தும் கழிவிலிருந்தும் இறங்குவது. இரண்டாவதை நம்மால் தடுக்க முடியும், தடுக்கவும் வேண்டும்.

கிணற்றடியைத் திறந்துவிட்ட வீட்டாருக்கும், விடியற்காலையில் எழுந்து வந்து அளவு நாடா பிடித்த பிள்ளைகளுக்கும் மனமார்ந்த நன்றி.

அப்புறம், ஒரு தீர்மானம். இன்னும் இரண்டு மழைக்காலப் பதிவுகள் சேரும் வரை ஓடைக்கரையில் புதிய ஆழ்துளைக் கிணறு எதற்கும் சங்கம் ஆதரவு தர வேண்டாம் என்று முன்மொழிகிறேன். தீர்மானத்தையும் இந்த அறிக்கையையும் ஏற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்