5 கிலோமீட்டரை 5.2 என்று சொல்லும் கடிகாரம்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: ஓட்டக் கடிகாரம் தூரத்தைக் கூட்டிக் காட்டுவது குறித்து நான்காவது முறையாகப் புகார்

ஐயா / அம்மையீர்,

வணக்கம். இதே விஷயமாக ஏற்கெனவே மூன்று முறை எழுதிவிட்டேன். மூன்றுக்கும் 'உங்கள் பிரச்சினை தீர்க்கப்பட்டது' என்று பதில் வந்தது. தீர்ந்தது என் பொறுமை மட்டும்தான்.

நான் பரிசு வாங்குகிற ஓட்டக்காரன் இல்லை. வேலைக்குக் கிளம்பும் முன் வாரத்துக்கு நான்கு நாள் ஓடுகிறவன். அரை மாரத்தானை, அதாவது 21.0975 கிலோமீட்டரை, இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்று ஒரு ஆசை. கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 40 வினாடி என்று பிடித்து ஓடினால் 1:59:34-க்கு முடியும். மிச்சம் 26 வினாடி. ஷூ கயிறு ஒரு தடவை அவிழ்ந்தால் அதுவும் போயிற்று. இவ்வளவு நெருக்கமான கணக்கு என்பதால்தான், வேகம் தவறினால் அதிர்ந்து சொல்லும் உங்கள் வாட்சை வாங்கினேன்.

முதல் சில மாதம் ஒரு குறையும் இல்லை. அப்புறம் அந்த மென்பொருள் அப்டேட் வந்தது. அதுவரை நாலு வார்த்தைக்கு மேல் பேசவிடாத 5:40 வேகம் திடீரென்று சுலபமாகிவிட்டது. பக்கத்தில் ஓடுகிறவரிடம் கதை பேசிக்கொண்டே ஓடினேன். பயிற்சி பலிக்கிறது என்று பூரித்துப்போனேன். இரண்டு மாதம் இப்படியே போனது.

பந்தயத்தன்று இரண்டு மணி நேரப் பேசரின் (அந்த நேரத்தில் முடிக்கும்படி சீரான வேகத்தில் கொடியோடு ஓடி மற்றவர்களுக்கு வழிகாட்டுபவர்) கொடிக்குப் பின்னால் நின்றேன். கிளம்பியதிலிருந்தே யாரோ கயிறு கட்டி இழுப்பது போல இருந்தது. கடிகாரம் 'வேகம் அதிகம்' என்று விடாமல் அதிர்ந்தது. பேசரிடம் கேட்டேன். "சரியான நேரத்தில்தான் போகிறோம்" என்றார். கிலோமீட்டர் பலகைகளும் அவர் சொன்னதைத்தான் சொன்னன. என் வாட்ச் முதல் கிலோமீட்டருக்கு மணி அடித்தபோது பலகை இன்னும் 40 மீட்டர் தள்ளி நின்றது. 5 கிலோமீட்டர் பலகையருகே வாட்ச் 5.2 காட்டியது. பதினோராவது கிலோமீட்டரில் கொடி கண்ணை விட்டு மறைந்தது. நான் முடித்தது 2:07-க்கு.

அடுத்த வாரம் 400 மீட்டர் டிராக்கில் சோதித்தேன். நண்பர் கோட்டருகே ஸ்டாப்வாட்சுடன் நின்று ஒவ்வொரு சுற்றுக்கும் நேரம் கூவினார். 5:40 வேகத்துக்கு ஒரு சுற்று 2:16. ஒரு வினாடி முன்னே பின்னே இருக்கலாம், அதற்கு மேல் விலகவில்லை. பன்னிரண்டரைச் சுற்று, 5000 மீட்டர், 28:20. வாட்ச் சொன்னது 5.20 கிலோமீட்டர், சராசரி வேகம் 5:27. ஒரே சீராக ஓடும்போதே அதன் முகத்தில் 5:05, 5:50, 5:18 என்று எண்கள் குதித்தன. ஒரு சுற்றில் மட்டும் ஏழு முறை அதிர்ந்தது. கடிகாரத்தைப் பார்க்காமல் ஓடத்தானே அந்த எச்சரிக்கை? வியர்வைக் கையோடு அதை அணைக்கத்தான் நேரம் சரியாக இருந்தது.

இதற்கு உங்கள் ஊழியர் சொன்ன விளக்கம்: "நீங்கள் வெளித் தடத்தில் ஓடியிருப்பீர்கள்." நான் ஓடியது உள் தடத்தில். அவர் சொன்னபடியே வைத்துக்கொண்டாலும், இரண்டாவது தடம் ஏறத்தாழ 407 மீட்டர், மூன்றாவது 415. வாட்ச் சொன்ன 5.20 கிலோமீட்டரின்படி சுற்றுக்கு 416 மீட்டர் வர வேண்டுமென்றால், முழு ஓட்டத்தையும் மூன்றாவது தடத்திலேயே ஓடியிருக்க வேண்டும். உயரமான கட்டடம், மரம் என்றும் சொன்னார். அது திறந்த மைதானம். ரீஸ்டார்ட் செய்யச் சொன்னார், செய்தேன். செயற்கைக்கோள் கிடைக்கும்வரை நிற்கச் சொன்னார், நின்றேன்.

ஜிபிஎஸ் புள்ளிகள் சில மீட்டர் இப்படி அப்படி விழுவது சகஜம். அவற்றை அப்படியே கோத்தால் கோடு கோணல்மாணலாகி நீண்டுவிடும். அதைச் சீராக்குவது உங்கள் மென்பொருளின் வேலை. அப்டேட்டுக்கு முன் இதே டிராக்கில் ஓடிய பதிவில் என் பாதை வழவழவென்று முட்டை வடிவில் இருக்கிறது, தூரம் 5.03. இப்போதைய பதிவு ரம்பப் பல். இரண்டையும் இணைத்திருக்கிறேன், தயவுசெய்து யாராவது திறந்து பாருங்கள்.

வாட்ச் 5:40 என்று காட்டிய இரண்டு மாதமும் நான் உண்மையில் ஓடியது 5:54. அந்த வேகத்தில் அரை மாரத்தானுக்கு 2 மணி 4 நிமிடம் ஆகும். அந்த இரண்டு மாதத்தை உங்களால் திருப்பித் தர முடியாது, நானும் கேட்கவில்லை.

நான் கேட்பது, பழைய மென்பொருளுக்குத் திரும்பும் வழி. கூடவே, வேக எச்சரிக்கையைக் கணத்துக்குக் கணம் மாறும் வேகத்தில் வைக்காமல் சுற்றின் சராசரியில் வைத்துக்கொள்ள ஒரு வசதி. இரண்டும் முடியாதென்றால் வாட்சை எடுத்துக்கொண்டு பணத்தைத் திருப்பித் தாருங்கள். 14 நாட்களுக்குள் பதில் வேண்டும். புகாரை மூடுவதற்கு முன் ஒருமுறை என்னைக் கூப்பிட்டுக் கேளுங்கள். மறுபடி ரீஸ்டார்ட் செய்யச் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: அப்டேட்டுக்கு முன்னும் பின்னுமான ஓட்டப் பதிவுகள், சுற்று நேரக் குறிப்பு, வாங்கிய ரசீது