அக்டோபர் 2 கிராம சபை: சாலைப் பணிகளின் முன்னுரிமை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரும் அக்டோபர் 2 அன்று கூடும் கிராம சபையில், அடுத்த ஆண்டு வளர்ச்சித் திட்டத்தில் நம் ஊரின் எந்தச் சாலைப் பணியை முதலில் சேர்ப்பது என்று பேச இருக்கிறோம். காரைக்குடிக்குச் செல்லும் பேருந்துச் சாலை நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பு என்பதால், அதற்கு ஊராட்சி நிதியில் பணம் கேட்க இயலாது. தனித் தீர்மானம் இயற்றி அத்துறைக்கு அனுப்பலாம்.

பதினைந்தாவது நிதிக்குழு ஊராட்சிகளுக்கு அளித்த மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் என வரையறுக்கப்பட்டது; சாலை, விளக்கு போன்ற மற்றத் தேவைகளெல்லாம் மீதியில்தான் அடங்கவேண்டியிருந்தது. கையிருப்பு இவ்வளவு குறுகியது என்பதால்தான் வரிசை முக்கியமாகிறது.

என் கருத்தில் ஊருணிக்கரைச் சாலையே முதலில் வரவேண்டும். சிறுபாலத்தின் குழாயில் மண் அடைத்திருப்பதால் ஒரு மழைக்கே முழங்கால் அளவு நீர் நிற்கிறது; பள்ளிப் பிள்ளைகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கரையோரமாக நடக்கிறார்கள். பெரிய வீதிக்குத் தளக்கல் பதிப்பது அழகுதான், ஆனால் அது காத்திருக்கலாம்.

501 முதல் 3,000 வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சியில் கிராம சபைக்கு 100 பேர் வருகை தேவை. நம் ஊராட்சியும் அதில் அடங்கும். வெளியூரில் இருப்போர் இங்குள்ள தம் வீட்டாரை அவசியம் அனுப்பிவைக்கவும். தீர்மானம் பதிவேட்டில் எழுதப்பட்டதைப் படித்துப் பார்த்த பிறகே கையொப்பமிடுங்கள்.