கடலோர ஹேங்கரில் துரு எங்கே பிடிக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள வர்ஜீனியா விமானத்தளம் போலக் கடலை ஒட்டிய இடங்களில் சிறு விமானங்களுக்கு ஹேங்கர் (விமானம் நிறுத்தும் கொட்டகை) கட்டுவோர் மழை படும் கூரையைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். துரு முதலில் பிடிப்பதோ மழை படாத இடத்தில்தான்: இறவாரத்தின் அடிப்பக்கம், கதவுக்கு மேலுள்ள உத்திரம். கூரைமேல் படியும் உப்பை மழை கழுவிவிடும். அடியில் ஒதுங்கிய உப்பு இரவு ஈரத்தை உறிஞ்சி இரும்பின் மேலுள்ள துத்தநாகப் பூச்சை அரித்துக்கொண்டே இருக்கும். மாதம் ஒருமுறை அங்கே நல்ல தண்ணீர் பீய்ச்சினால் பாதித் தொல்லை தீரும். கூரைத் தகட்டை, வட்டு சுழலும் அறுப்புக் கிரைண்டரால் அறுக்கவே கூடாது. தெறிக்கும் இரும்புப்பொறி பூச்சில் ஒட்டிச் சில நாளிலேயே பழுப்புப் புள்ளியாகும். தகடு வெட்டும் கத்தரியால் வெட்டுங்கள்.

செஸ்னா 172 என்ற சிறு விமானத்தின் இறக்கை அகலம், நுனிக்கு நுனி, சுமார் 11 மீட்டர். 12 மீட்டர் வாசல் காகிதத்தில் போதும்; ஆனால் பக்கத்துக்கு அரை மீட்டர்தான் மிஞ்சும். இறக்கை நுனி விளக்கு உடைவது இந்தக் கஞ்சத்தனத்தால்தான். 13 மீட்டராவது விடுங்கள். கதவுச் சக்கரம் ஓடும் கீழ்த் தண்டவாளத்தில் வடிகால் துளை வேண்டும், கிரீஸ் வேண்டாம். மணல் ஒட்டிக்கொண்டு சக்கரம் இறுகிவிடும்.

பலத்த காற்றில் கதவைப் பாதி திறந்து வைப்பது பேராபத்து. உள்ளே புகுந்த காற்று கூரையைத் தள்ள, மேலே ஓடும் காற்று இழுக்க, ஓரத் திருகுகள் முதலில் பிடுங்கிக்கொள்ளும். ஓரத்திலும் மூலையிலும் திருகுகளை நெருக்கமாகப் போடச் சொல்லுங்கள்.

பெட்ரோல் ஆவி தரையோடு தங்கும். மின் பிளக்குகள் அரை மீட்டர் உயரத்துக்குக் கீழே இருக்கக் கூடாது.

இப்படிக்கு,
விமானப் பராமரிப்புத் தொழிலாளர்கள் சிலர்,
டர்பன்