கெட்ட குமாரனின் பிஸ்கட்

லாஸ் ஏஞ்சலஸ்
டிசம்பர் 14

அன்புள்ள எஸ்தர்,

உன் கடிதம் போன வாரம் வந்தது. முழங்காலுக்கு ஆபரேஷன் வேண்டாம் என்று டாக்டரே சொல்லிவிட்டதைப் படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மாடிப்படி ஏறாதே என்றால் நீ கேட்கப் போவதில்லை, அதனால் சொல்லவில்லை.

முந்திரிக்கொத்துக்குப் பயறு வறுத்தாயிற்று என்று எழுதியிருந்தாயே, அதை மகளுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் வீகன் ஆகி மூன்று வருடம் ஆகிறது. பால், தயிர், நெய், முட்டை, தேன் எதையும் தொடுவதில்லை. பாசிப்பயறு, வெல்லம், தேங்காய், எள், மேலே அரிசிமாவு, பொரிக்க எண்ணெய் என்று நான் சொல்லச் சொல்ல அவள் கண் விரிந்தது. "அம்மா, இது பிறவியிலேயே வீகன்!" என்றாள். நாம் இத்தனை வருடமும் அதை வெறும் பலகாரம் என்றே நினைத்துத் தின்றிருக்கிறோம்.

சரி, இந்த வருடம் எங்கள் வீட்டில் நடந்த கூத்தைக் கேள். எங்கள் தெருவில் டிசம்பர் வந்தால் வீட்டுக்கு ஒரு வகை பிஸ்கட் சுட்டு, தட்டு தட்டாக மாற்றிக்கொள்வோம். எங்களுக்குக் கிறிஸ்துமஸ், எதிர் வீட்டு யூதக் குடும்பத்துக்கு ஹனுக்கா. அதனால் பொதுவாக 'ஹாலிடே குக்கீ' என்று பெயர். மகள் இந்தத் தடவை பாலும் முட்டையும் கூடாது என்றாள். அதோடு சாக்லேட்டும் கூடாதாம். கோகோ செடியிலிருந்துதானே வருகிறது, அதில் உனக்கு என்ன குறை என்று கேட்டேன். காரணம் நாய். போன வருடம் அது மேசையிலிருந்த சாக்லேட்டைத் தின்றுவிட்டு, நடுராத்திரியில் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. கோகோவில் தியோப்ரோமின் என்று ஒன்று இருக்கிறது. நம் உடம்பு அதைச் சமாளித்துவிடும், நாயின் உடம்பு திணறும். அதனால் கோகோவுக்குப் பதில் கேரப் பொடி வாங்கி வந்தாள்.

கேரப் என்றால் வேறொன்றுமில்லை, நான் தினமும் மிதித்துக்கொண்டு நடக்கிற காய்தான். இந்த ஊரில் பல தெருக்களில் நிழலுக்கு அந்த மரத்தை நட்டிருக்கிறார்கள். சொந்த ஊர் மத்தியதரைக் கடல் பக்கம். சைப்ரஸில் அதற்குக் 'கறுப்புத் தங்கம்' என்று பெயராம். வேர் நடைபாதையைப் பெயர்த்துவிடும். ஆண் மரம் பூக்கிற நாளில் வரும் வாடையைக் கடிதத்தில் எழுதக் கூச்சமாக இருக்கிறது. காய் பார்க்கப் புளியங்காய் மாதிரி, ஆனால் நீளமாக, தட்டையாக, கறுப்பாக இருக்கும். அதை வறுத்துப் பொடித்தால் கோகோ நிறத்திலேயே ஒரு மாவு. அங்கேதான் ஏமாந்தேன்.

சாக்லேட் பிஸ்கட் குறிப்பில் கோகோ என்று இருந்த இடத்தில் கேரப்பைப் போட்டேன். வெண்ணெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெயை உருக்கி ஊற்றினேன். முட்டைக்கு ஆளி விதைப் பொடியைத் தண்ணீரில் ஊறவைத்துச் சேர்த்தேன். ஓவன் 350 டிகிரி ஃபாரன்ஹீட். எண்ணெய் உருகியே இருந்ததால் மாவெல்லாம் பரவி அப்பளமாகிவிட்டது. கேரப்பில் சர்க்கரை இயற்கையாகவே நிறைய, சீக்கிரம் கருகும். மாவே பழுப்பு நிறம், வெந்ததா கருகியதா என்று கண்ணுக்குத் தெரியாது, மூக்கை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். என் மூக்குக்குத் தெரிவதற்குள் புகை அலாரத்துக்குத் தெரிந்துவிட்டது.

பக்கத்து வீட்டு அம்மாள் வந்து பார்த்தார். கேரப் என்றதும் முகம் போன போக்கு! 1970-களில் இங்கே இயற்கை உணவு மோகம் வந்தபோது, சாக்லேட் என்று சொல்லி அம்மா இதைக் கொடுத்து ஏமாற்றினாராம். அவர் வயதுக்காரர்களில் பலருக்கு இந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. சாக்லேட்டின் கசப்பு இதில் கிடையாது, தேடினால் கோபம்தான் வரும்.

மறுநாள் நடக்கப் போனபோது ஒரு காயை எடுத்துத் துடைத்துக் கடித்தேன். (மகளிடம் சொல்லவில்லை. தெருப்புழுதி, கார்ப்புகை என்று ஆரம்பிப்பாள்.) விதை பல்லைப் பதம் பார்த்துவிட்டது, அவ்வளவு கல். நம் ஊர் ஆசாரி குன்றிமணியால் பொன் நிறுத்த மாதிரி, மத்தியதரைக் கடல் பக்கத்தில் இந்த விதையைப் படிக்கல்லாக வைத்திருக்கிறார்கள். வைரத்துக்குச் சொல்கிற 'காரட்' அதிலிருந்து வந்த சொல்தான். பிறகு 1907-இல் அதை 200 மில்லிகிராம் என்று நிலைநிறுத்திவிட்டார்கள். விதையைத் துப்பிவிட்டுச் சதையை மென்றேன் பார், ஏட்டி, அப்படியே கருப்பட்டி! கொஞ்சம் பேரீச்சம்பழ வாசனை, அடியில் கருப்பட்டிப் பாகு. கருப்பட்டி என்றால் துணைக்குச் சுக்கு வர வேண்டாமா?

நேரே வீட்டுக்கு வந்து, போன தடவை நீ கொடுத்துவிட்ட உடன்குடிக் கருப்பட்டியில் கடைசி வட்டைத் தட்டிப் பொடித்தேன். மகளுக்கும் நிம்மதி. இங்கே சில ஆலைகளில் வெள்ளைச் சர்க்கரையை எலும்புக்கரியில் வடிகட்டுகிறார்கள் என்று அவள் அதையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பாள். நீயும் செய்து பார்ப்பாய் என்று அளவு எழுதுகிறேன்: மைதா 220 கிராம், கேரப் பொடி 50, கருப்பட்டித்தூள் 90, உறைந்த தேங்காய் எண்ணெய் 140, சுக்குப்பொடி ஒரு டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு. கேரப்பைச் சலிக்காமல் போடாதே, கட்டி கட்டும். எண்ணெய் மார்கழிக் காலையில் பாட்டிலில் இறுகிக் கிடக்குமே, அந்தப் பதம். பிசைந்து, மாவு சேராவிட்டால் இரண்டு ஸ்பூன் தேங்காய்ப்பால் தெளித்துக்கொள். ஆளி விதை வேண்டாம், நான்கட்டாய்க்கு எதற்கு முட்டை? சூடு 325 டிகிரிதான்; உங்கள் செல்சியஸ் கணக்கில் 165 இருக்கும். பதின்மூன்று நிமிடத்தில் எடுத்துவிடு. எடுக்கும்போது மெத்தென்று இருக்கும், ஆறினால் மொறுமொறு.

இந்தத் தடவை தட்டை நீட்டும்போது என்ன பொருள் என்று நான் வாயே திறக்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மாள் நான்கு எடுத்தார். பிறகு சொன்னேன். முறைத்தார், ஐந்தாவதும் எடுத்தார்.

ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு நீ இன்னும் கதை சொல்கிறாய் என்பதால் இதையும் எழுதுகிறேன். பைபிளில் கெட்ட குமாரன் பசியில் பன்றிகள் தின்கிற தவிட்டுக்கு ஆசைப்பட்டான் என்று படித்திருக்கிறோம் அல்லவா? கிரேக்க மூலத்தில் அது தவிடு இல்லை, இந்தக் கேரப் காய்! நம் ஊரில் அந்த மரம் இல்லை, மொழிபெயர்த்தவர் பாவம் என்ன செய்வார். சின்ன வயதில் அந்தத் தவிட்டை நினைத்து எனக்கு அவன் மேல் அவ்வளவு இரக்கம். இப்போது கொஞ்சம் குறைந்துவிட்டது.

அப்புறம், ஜனவரியில் உன் அக்கா மகன் இங்கே வருகிறான் என்று எழுதியிருந்தாய். அவன் பெட்டியில் ஒரு கிலோ கருப்பட்டிக்கு இடம் கேள். பனை ஓலையில் வேண்டாம், பிளாஸ்டிக்கில் இறுக்கிக் கட்டு. போன தடவை அவன் சட்டையெல்லாம் எறும்பு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரி